ஏழாவது டப்பா

கலசப்பாக்கம்
8.11.1981

கோபால்சாமி அவர்களுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன்.

நீங்கள் கட்டையில் ஏற்றி அனுப்பிய மயில் முத்திரையை நேற்று மையில் தொட்டுத் தாளில் அழுத்தினேன். தலை விழுந்தது, கழுத்து விழுந்தது, தோகையில் பாதியைக் காணோம். கட்டையை மேஜைமேல் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடுகிறது. மரம் வளைந்துவிட்டது, ஐயா. ஓரத்தில் ரப்பரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அந்தத் தோகையின் ஒவ்வொரு கண்ணையும் ஊசியால் குடைந்து எடுத்தவள் நான். செருப்புத் தைப்பவரிடம் கெஞ்சி வாங்கிய ரப்பர் அது. அதைப் போய் எந்தப் பெட்டிப் பலகையில் ஒட்டினீர்கள்? சங்கத்துக்கு சோப்பு வந்த பெட்டியா? கட்டையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் செதுக்குவது, நீங்கள் ஏற்றுவது என்று ரூத் அம்மா பிரித்துக் கொடுத்துவிட்டுத்தானே ஊருக்குப் போனார்? என் வேலையை நான் ஒழுங்காகச் செய்கிறேன்.

என்னோடு அறையில் இருக்கும் ஜெபகுமாரி டீச்சர் அந்த அரை மயிலைப் பார்த்துவிட்டு, "இத வச்சினு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். மலையில் ஏதாவது கல்லுக்கு அடியில் ஒரு தகர டப்பாவை ஒளித்து வைப்போம். உள்ளே ஒரு முத்திரையும் ஒரு சின்ன நோட்டும் இருக்கும். குறிப்பைப் படித்து வழி கண்டுபிடித்து வருகிறவர்கள் அந்த முத்திரையைத் தங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும். தங்கள் முத்திரையை டப்பா நோட்டில் குத்திவிட்டு, டப்பாவைப் பழையபடி வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். இந்த விளையாட்டை எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வெள்ளைக்கார ரூத் அம்மாவின் ஊரில் சதுப்பு நிலத்தில் இப்படி நிறையப் பேர் அலைவார்களாம் என்றும் சொன்னேன்.

"கெடைச்சா இன்னா தருவாங்க?"

"ஒண்ணும் தர மாட்டாங்க."

"அப்ப எதுக்குடி அந்த மலைய ஏர்ற?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இன்னொன்று. எஸ்.எஸ்.எல்.சி. படித்து, மலைச் சங்கத்தில் புளியும் தேனும் எடை போட்டுக் கணக்கு எழுதுகிற மனிதர், கடிதத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை மையில் தொட்டு வைக்கிறீர்களே, ஏன் என்று தெரியும். உங்களுக்கென்று ஒரு முத்திரை செதுக்கித் தருகிறேன் என்று நான் சொல்லி இரண்டு வருஷமாகிறது. அதைக் குத்திக்காட்டுகிறீர்கள். செய்வேன். ரூத் அம்மாவுக்கு வாத்து, எனக்கு ஊசிமல்லி. உங்களுக்கு என்ன உருவம் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. மே மாத விடுமுறையில் ஏழு டப்பாக்களைத் தேட வருவேன். அதற்குள் செய்துவிடுகிறேன்.

சாந்தாமேரி


நாவக்கொல்லை, ஜவ்வாது மலை
20.11.1981

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

கோபால்சாமி எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் மாடுகளும் சுகம். சாமை அறுத்தாயிற்று. மழை மட்டும் இன்னும் போக மாட்டேன் என்கிறது.

தாங்கள் திட்டியது நியாயம். ஆனால் அது சோப்புப் பெட்டி அல்ல, பிஸ்கட் பெட்டி. கீழே உங்கள் ஊர் வெயிலில் செய்திருந்தால் நிமிர்ந்து நின்றிருக்கும். இங்கே பனியும் ஈரமும் ஏறினால் மட்டமான பலகை முறுக்கிக்கொள்கிறது.

மயிலை சீமெண்ணெய் தொட்டு மெதுவாக உரித்தேன். கண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை கட்டைக்கும் ரப்பருக்கும் நடுவில் சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் எல்லா இடமும் தாளில் படும். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு சேர்த்து, சங்கத்து எடைக்கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன். ஓரத்தைச் சரிவாகச் சீவியிருக்கிறேன். பிடியின் மேல்பக்கம் வழக்கம்போல ஒரு வெட்டு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் தலை எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

மரம் வேறு. என்ன மரம் என்று எழுத மாட்டேன். பார்சலைப் பிரிக்கும்போது தங்களுக்கே தெரியும்.

ஜெபகுமாரி டீச்சரின் கேள்வியைப் பற்றி யோசித்தேன். டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு வந்த பிறகு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யாரோ வரப் போகிறார்கள் என்று இருக்கிறது. அவ்வளவுதான். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)


கலசப்பாக்கம்
6.12.1981

கோபால்சாமி அவர்களுக்கு,

தபால்காரர் பார்சலை மூக்கருகே வைத்துக்கொண்டே பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். "இன்னா டீச்சர், கோயிலயே பார்சல் பண்ணிட்டாங்களா?" என்றார். சந்தனம்! என் துணிப்பெட்டி முழுக்க இப்போது அந்த வாசனைதான். மயிலைக் குத்திப் பார்த்தேன். ஒரு கண் குறையவில்லை. கட்டை கல் மாதிரி உட்கார்ந்து எழுந்திருக்கிறது. ஐயா, நீங்கள் பெரிய ஆள். போன மாதம் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முன்னே ஏற்றியவற்றையும் பிரித்து இதே மரத்தில் ஏற்றுங்கள். இது உத்தரவு.

ஆறாவதும் ஏழாவதும் இத்துடன் வருகின்றன. ஏழாவதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் ஒரு மரம், வேர் தெரிகிற மாதிரி. அடியில் 7 என்று எண். ஜெபகுமாரி பார்த்துவிட்டு, "தாசில்தார் ஆபீஸ் சீலு மாரியே கீதுடி" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு இதுதான்.

அண்ணன் சந்தியாகப்பன் செங்கத்துப் பக்கம் ஒரு வரன் பார்த்திருக்கிறான். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை. "முப்பது வயசு ஆவுது, இன்னும் எத்தினி நாளு ரப்பர வெட்டினு இருக்கப் போற?" என்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சாந்தாமேரி


நாவக்கொல்லை
17.1.1982

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

உத்தரவுப்படி ஏழையும் ஏற்றிவிட்டேன். பொங்கல் முடிந்து நேற்று எல்லா டப்பாக்களையும் ஒளித்து வைத்தாயிற்று.

வீட்டில் சண்டை. அந்தச் சந்தனக்கட்டை எங்கள் சாமி மாடத்தில் இருந்தது. பண்டிகைக்கு அம்மனுக்கு அரைத்துப் பூசுவதற்காக என் தாத்தா காலத்திலிருந்து வைத்திருந்தோம். மயிலுக்காக நுனியில் ஒரு வில்லை அறுத்தபோது அப்பா கவனிக்கவில்லை. மற்றதுக்கும் அறுத்த பிறகு மாடத்தில் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. "சாமிக்கு அரைக்கிற கட்டைடா அது! இன்னாத்துக்குடா அறுத்த?" என்று கேட்டுவிட்டு அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மாட்டிடம் சொல்லி, மாடு எனக்குச் சொல்வது போல நடக்கிறது. சரியாகிவிடும்.

ஏழாவதுதான் நல்ல இடம். குறிப்பை எழுதிக்கொள்ளுங்கள். பெரிய நாவல் மரத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஓடைச் சத்தம் இடது காதில் விழும்வரை நடக்க வேண்டும். மூன்று கல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அடிக்கல்லுக்குக் கீழே கையை விட வேண்டும். பாம்பு இல்லை, பார்த்துவிட்டேன். ரூத் அம்மா சொல்லிக் கொடுத்தபடி நோட்டின் முதல் பக்கத்தில், "கண்டெடுத்தவர் யாரிடமும் சொல்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடவும்" என்று எழுதி என் விரலை வைத்திருக்கிறேன்.

வரனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் மலைக்காரன். சாதியும் வேறு, சாமியும் வேறு. சங்கத்தில் புளி எடை போடுகிறவன். எடை போடத் தெரிந்த விஷயத்தில்தான் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியும். நல்ல இடம் என்றால் சரிதான்.

மே மாதம் வருவீர்கள் அல்லவா?

(இடது கைப் பெருவிரல் ரேகை)


கலசப்பாக்கம்
10.2.1982

கோபால்சாமி அவர்களுக்கு,

எடை போடத் தெரியாதாம்! சரி.

அண்ணனிடம் சரி என்று சொல்லிவிட்டேன். நிச்சயம் முடிந்தது. மே கடைசியில் கல்யாணம். அதற்கு முன்னால் வந்து ஏழு டப்பாவையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அதை யாராலும் தடுக்க முடியாது.

சாந்தாமேரி


நாவக்கொல்லை
3.3.1982

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. பேருந்து கண்டக்டர் லட்சுமணன் மூலம் தங்களுக்குச் செய்தி வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

தேன்கூடு பார்த்துக்கொண்டு போன காட்டுக் காவலர் ஒருவர் அந்த மூன்று கல்லைப் புரட்டியிருக்கிறார். டப்பா கிடைத்தது. உள்ளே இருந்த நோட்டை நான் தைத்தது சங்கத்து ரசீதுகளின் பின்பக்கத்தில். நேராக என்னிடம் வந்துவிட்டார்கள்.

"இன்னாய்யா இது?"

"வெளையாட்டுங்க."

"வெளையாட்டா? சந்தனக்கட்ட, அதுமேல மரம் போட்ட சீலு, நம்பரு. யாருகிட்டயும் சொல்லாத அங்கயே வச்சிடணுமாம். கைநாட்டு வேற. யாருகிட்ட வெளையாட்ற?"

டீச்சர், அவர் சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு மாதிரி தெரிந்தது. போன மாதம்தான் கள்ள முத்திரை குத்திய பாஸைக் காட்டி ஒரு லாரி சந்தனக்கட்டை மலையை விட்டு இறங்கியிருக்கிறது. சீல் வெட்டுகிற கும்பலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் என் டப்பா.

சீலை வெட்டியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். பெரிய அதிகாரி அழிக்கிற ரப்பர் ஒன்றையும் பிளேடையும் மேஜைமேல் வைத்து, "அப்பிடியா? ஒரு எல வெட்டிக் காட்டு" என்றார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். தங்கள் முத்திரைகளை எத்தனை முறை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். முதல் இழுப்பிலேயே பிளேடு ரப்பரைத் தாண்டி இடது பெருவிரலில் இறங்கிவிட்டது. நகத்தடியிலிருந்து குறுக்காக, ஆழமாக. ரத்தம் மேஜையெல்லாம். யாரும் சிரிக்கவில்லை. வேறு யாரையோ நான் மறைக்கிறேன் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. "வெட்னவன் பேரச் சொல்லிட்டு வூட்டுக்குப் போ" என்றார்கள். தெரியாது என்றேன்.

மற்ற டப்பாக்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். மயிலும் போயிற்று. ஜாமீனில் வந்திருக்கிறேன். சங்கத்தில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 24ஆம் தேதி கோர்ட்.

தாங்கள் இதில் வர வேண்டாம். இது விளையாட்டுதான் என்று ஒரு வரி எழுதித் தரும்படி ரூத் அம்மாவுக்கு ஜாமீனில் வந்த அன்றே கடிதம் போட்டேன். அது போதும்.

விரலில் கட்டு இருக்கிறது. பெயரை எழுதுகிறேன்.

கோபால்சாமி


கலசப்பாக்கம்
9.3.1982

கோபால்சாமி,

உங்களுக்கு மூளை இருக்கிறதா? "நான்தாங்க" என்று எந்த தைரியத்தில் சொன்னீர்கள்? ஒரு கோடு நேராக இழுக்க வராத மனிதர்!

நான் வருகிறேன். 24ஆம் தேதி பிளேடும் ரப்பரும் எடுத்துக்கொண்டு வந்து நீதிபதி முன்னாலேயே அதே மரத்தை, அதே வேரோடு, இடம் வலம் மாற்றிச் செதுக்கிக் காட்டுகிறேன். அதற்கப்புறம் கும்பல் என்று யார் சொல்வார்கள்? பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஏழாவது முத்திரையை சீல் மாதிரி வெட்டியது என் புத்தி. எல்லாவற்றையும் சந்தனத்தில் ஏற்றச் சொன்னதும் நான். "இது உத்தரவு" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தை எடுத்து வந்து வக்கீலிடம் கொடுங்கள்.

அண்ணனுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்று போடுவான். போடட்டும். விரல் எப்படி இருக்கிறது? பழைய துணியைக் கட்டிக்கொண்டு மாட்டுத்தொழுவத்தில் அலையாதீர்கள். ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

சாந்தாமேரி


நாவக்கொல்லை
16.3.1982

டீச்சர் அவர்களுக்கு,

வர வேண்டாம்.

வீட்டைச் சோதனை போட வருகிறார்கள் என்று தெரிந்ததும் தங்கள் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும். மன்னிக்க வேண்டும்.

ரூத் அம்மாவின் தங்கை பதில் போட்டிருக்கிறார். அம்மா படுக்கையில் இருக்கிறாராம். யாரையும் நினைவில்லையாம். மலையைப் பற்றிக் கேட்டதற்கு, எந்த மலை என்றாராம்.

கோர்ட்டில் தாங்கள் ஏறினால் முதல் கேள்வி ரப்பரைப் பற்றி இருக்காது. "இவனுக்கும் உனக்கும் இன்னா?" என்றுதான் கேட்பார்கள். நிச்சயம் ஆன பெண். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கோர்ட் இருக்கிற அதே தாலுகா. அந்தக் கேள்விக்குத் தாங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கே தெரியாது. வர வேண்டாம்.

கோபால்சாமி


கலசப்பாக்கம்
26.3.1982

கோபால்சாமி அவர்களுக்கு,

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

காலையிலிருந்து கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். படியேறும்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டாம். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனீர்கள். நான் ஜன்னலோரம் வந்து நின்றேன். "குத்தத்த ஒத்துக்கறேங்க" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் வக்கீலே திரும்பிப் பார்த்தார். சீல் வெட்டியது யார் என்று கேட்டதற்கு, "செங்கம் சந்தையில யாரோ ஒருத்தன், பேர் தெரியாதுங்க" என்றீர்கள்.

யாரோ ஒருத்தன்!

ஆறு மாதம் என்றார்கள். நீங்கள் கும்பிட்டீர்கள்.

என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? நீங்கள் என்னைக் காப்பாற்றவில்லை. என் வாயைப் பொத்தினீர்கள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும், அது என் பாடு. நான் ஒரு சொல் சொல்வதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயமில்லாமல் வந்து நின்றேன். அந்தச் சொல் இப்போது எங்கே போகும்?

பையில் இருந்த ரப்பர் வெயிலில் இளகிப் பிளேடு உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

சாந்தாமேரி


வேலூர்
2.5.1982

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

இங்கே கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தச்சுப் பட்டறையில் போட்டிருக்கிறார்கள். இழைக்கிற வேலை. நல்ல தேக்கு வருகிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அப்பா ஒரு தடவை வந்தார். பண்டிகைக்குச் சந்தனம் இல்லாமல் மஞ்சள் அரைத்துப் பூசினார்களாம். "சாமி கோச்சிக்கல, நான்தான் கோச்சிக்கினேன்" என்றார். ஜனவரிக்குப் பிறகு அப்பா என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

தங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து பல தடவை கிழித்துப் போட்டேன். யாரோ ஒருத்தன் என்று சொன்னது தப்பு. ஒரு பெயர் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வாயில் வந்தது ஒரே ஒரு பெயர்தான். அதைச் சொல்லக் கூடாது என்று நின்றதால் அப்படிச் சொல்லிவிட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும்.

கோபால்சாமி


கலசப்பாக்கம்
23.5.1982

கோபால்சாமி அவர்களுக்கு,

வருகிற புதன்கிழமை எனக்குக் கல்யாணம். பிறகு பெங்களூர்.

நேற்று அண்ணன் சொல்லிவிட்டான். அன்று எனக்குத் தெரியாமல் என் பின்னாலேயே வந்து, கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் பின்னால் உங்களைக் கூப்பிட்டுப் பேசினானாம். நான் வந்திருப்பதை அவன்தான் சொன்னானாம். "எங்க வூட்டுப் பொண்ணு கோர்ட்டு ஏறிட்டா நாங்க நாண்டுக்கினுதான் சாவணும்" என்று உங்கள் காலில் விழுந்தானாம். அவன் யார் காலிலும் விழுகிற ஆள் இல்லை. சொல்லும்போது அழுதான். இவ்வளவும் நடந்திருக்கிறது, நீங்கள் ஜெயிலிலிருந்து எழுதியபோதும் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஆனால் திட்டியதை இந்தத் தடவை வாபஸ் வாங்க மாட்டேன். அவன் கேட்டான், நீங்கள் கொடுத்தீர்கள். நடுவில் இருந்த என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் போகாது.

நேற்று முன்தினம் ஜெபகுமாரியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்தேன். கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தோம். உங்கள் குறிப்பைப் பிடித்துக்கொண்டே போனேன். நாவல் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். இடது காதில் ஓடைச் சத்தம் கேட்டதும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். "இன்னாடி ஆச்சி?" என்று ஜெபகுமாரி கேட்டாள். மூன்று கல்லையும் உருட்டித் தள்ளியிருந்தார்கள். நாங்கள் இருவருமாகத் தூக்கித் திரும்ப அடுக்கினோம்.

அடிக்கல்லுக்குக் கீழே ஒரு டப்பா வைத்திருக்கிறேன். வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் சொல்லிக்கொண்டே இருந்த உங்கள் முத்திரை. என்ன உருவம் என்று கடைசியில் பிடிபட்டுவிட்டது. கட்டையிலும் நானே ஏற்றினேன். மட்டமான மரம்தான், இனிமேல் சந்தனத்தைத் தொட மாட்டேன். சொல்யூஷன் கையெல்லாம் ஒட்டி, தலைமுடியில் வேறு ஒட்டிக்கொண்டது. சிரிக்காதீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். நீங்கள் எழுதினால் நான் பதில் எழுதுவேன். அது நல்லதல்ல.

சாந்தாமேரி


நாவக்கொல்லை
3.10.1982

டீச்சர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதைத் தபாலில் போடப் போவதில்லை. டப்பாவுக்குள் நோட்டுக்கு அடியில் வைக்கிறேன்.

போன வாரம் விட்டார்கள். வந்த மறுநாள் காலையிலேயே போனேன். கல்லை நன்றாகத்தான் அடுக்கியிருந்தீர்கள், மழைக்கு அசையவில்லை. ஆனால் அது ரிசர்வ் காடு. இன்னொரு தடவை யாராவது புரட்டினால் அப்பாவால் தாங்க முடியாது. அதனால் டப்பாவையும் மூன்று கல்லையும் எங்கள் கொல்லை மூலைக்கு, பட்டா நிலத்துக்குக் கொண்டுவந்து அப்படியே அடுக்கிவிட்டேன். அப்பாதான் பெரிய கல்லுக்குக் கை கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. இங்கே ஓடைச் சத்தம் வலது காதில் விழுகிறது. குறிப்பு மாறிவிட்டது, அதைத் தங்களுக்குச் சொல்ல வழியில்லை.

கட்டை வளைந்து போயிருந்தது. ஒரு மூலையில் சொல்யூஷன் கட்டியாக நின்று ரப்பர் தூக்கிக்கொண்டிருந்தது. பிடியில் வெட்டை மேல்பக்கம் போடுவதற்குப் பதில் கீழே போட்டிருந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. சீமெண்ணெய் தொட்டு உரித்து, ஒரு பழைய மண்வெட்டிப் பிடியை அறுத்து இழைத்து, நடுவில் டியூப் வைத்து, ஓரம் சீவித் திரும்ப ஏற்றினேன். எடைக்கல் இப்போது என்னிடம் இல்லை. ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி மேலே வைத்தேன்.

மையில் தொட்டு நோட்டில் அழுத்தினேன். முதலில் ஏதோ ஓடைத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போவது போல இருந்தது. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. என் பெருவிரல். தங்களுக்கு நான் போட்ட கடிதங்களின் அடியில் வைத்த ரேகையைப் பார்த்து, ஒரு கோடு விடாமல் செதுக்கியிருக்கிறீர்கள். என் கடிதங்களைத் தாங்கள் வைத்திருந்தீர்கள். தங்களுடையதை நான் எரித்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, டீச்சர்.

இன்று காலை என் விரலை மையில் தொட்டு அந்த முத்திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாக் கோடும் சரியாக இருக்கிறது. ஆனால் என் விரலில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது. அன்று மேஜைமேல் வைத்து நான் இலை வெட்டப் போன இடம். அங்கே மை ஏறுவதில்லை, இனி ஏறாது என்று நினைக்கிறேன். தாங்கள் செதுக்கியதில் அந்த வெட்டு இல்லை.

பிளேடை எடுத்தேன். ரப்பரில் குறுக்காக ஒரு கோடு கீறிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். நீண்ட நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு முத்திரையை அப்படியே டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். எனக்குத்தான் செதுக்க வராதே, டீச்சர்.

கோபால்சாமி